பெத்தவ ஒருத்தி, வளத்தது பத்துப் பேரு

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல சுத்தி சுத்தி வர்ற ஃபார்வர்டு ஒண்ணு இருக்கு, உங்களுக்கும் கண்டிப்பா வந்திருக்கும். மார்கரெட் மீட்னு அமெரிக்காவுல பேர்போன மானிடவியல் அறிஞர், அவங்ககிட்ட ஒரு மாணவர் "மனுசன் நாகரிகமானதுக்கு முதல் அடையாளம் எது"ன்னு கேட்டாராம். பானை, தூண்டில் முள்ளு, அரைக்கிற கல்லு இப்படி ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு எல்லாரும் காத்திருக்க, அந்தம்மா "ஒடிஞ்சு மறுபடி ஒட்டுன தொடை எலும்பு"ன்னாங்களாம். காட்டுல கால் ஒடிஞ்ச மிருகம் தண்ணி குடிக்கப் போக முடியாது, புலி வந்தா ஓட முடியாது, எலும்பு ஒட்டுற வரைக்கும் உசுரோட இருந்திருக்குன்னா யாரோ கூடவே உக்காந்து பாத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், அங்கதான் நாகரிகம் ஆரம்பிச்சுச்சாம். கீழ ரெண்டு கும்புடு, ஒரு ரோஜாப்பூ. ஈப்போ மாமா போன வாரம் கூட போட்டாரு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மீட் எழுதுனதுல தேடிப் பாத்தவங்களுக்கு இது எங்கயும் கிடைக்கல. அவங்க பேச்சுல கேட்டதா ஞாபகத்துலேர்ந்து ஒரு டாக்டர் சொன்ன கதை 1980-ல வந்த ஒரு புத்தகத்துல இருக்கு, அதுலேர்ந்து கை மாறி கை மாறி இப்ப ரோஜாப்பூவோட நம்ம ஃபோனுக்கு வந்து நிக்குது. அந்த டாக்டர் பேரு பால் பிராண்ட், ஆளு நமக்கு அந்நியர் இல்ல, 1914-ல கொல்லிமலையில பொறந்தவரு, வேலூர் சி.எம்.சி.யில தொழுநோய் வந்து மடங்கிப்போன விரலுங்களுக்கு தசைநாணை எடுத்து மாத்தி வச்சு மறுபடி புடிக்க வச்சாரே அவருதான். யாரு சொன்னாங்களோ, கேட்டு மனசுல வச்சுக்கிட்டது இப்படிப்பட்ட ஒரு கைதான், அதனால எனக்கு அந்தக் கதை மேல ஒரு பாசம் உண்டு.

பாசம் வேற உண்மை வேற. 1937-ல தாய்லாந்துக் காட்டுல சேகரிச்ச கிப்பன் எலும்புக்கூடுகள அடால்ஃப் ஷுல்ட்ஸ்ங்கிற விஞ்ஞானி எடுத்து வச்சுப் பாத்தாரு. கிப்பன்னா ஒரு வாலில்லாக் குரங்கு, நம்ம மலேசியாவுல ஊங்கான்னு சொல்றது, விடிகாலையில காட்டுல ஊ ஊன்னு பாடுமே அது. வளந்த ஊங்காங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணுக்கு எலும்பு எங்கயோ ஒடிஞ்சு தானா ஒட்டியிருந்துச்சு. கை ஒடிஞ்சது, கால் ஒடிஞ்சது எல்லாம் இருந்துச்சு. யாரு அதுங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தா? யாரும் இல்ல, மிச்சம் இருந்த கை காலை வச்சுப் பக்கத்துக் கிளையில இருந்த பழத்தையும் இலையையும் தின்னு தானே பொழைச்சுக்கிச்சு. அதனால ஒட்டுன எலும்பு மட்டுமே பக்கத்துல இன்னொருத்தர் இருந்தாருன்னு சாட்சி சொல்லாது.

சரி, எதுதான் சாட்சி சொல்லும்? நம்ம வட்டாரத்துலயே ரெண்டு பேரு இருக்காங்க.

ஒருத்தரு பேராக் மனிதன். 1991-ல லெங்கோங் பள்ளத்தாக்குல குனுங் ருந்துக் குகையில, நம்ம பினாங்கு யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்துலேர்ந்து போன ஜுராய்னா மஜிட் குழுவினர் தோண்டி எடுத்தது. பத்தாயிரம் வருசத்துக்கும் மேல ஆன எலும்புக்கூடு, ஏறக்குறைய முழுசா இருக்கு. இடது கை பொறந்ததுலேர்ந்தே குறைபட்டது, விரலுங்களோட நடு எலும்பு சரியா வளராம குட்டையாப் போற ஒரு அபூர்வமான மரபுவழிக் குறை. அப்படிப்பட்ட ஆளு ஐம்பதை ஒட்டி வாழ்ந்திருக்காரு, செத்தப்ப முழங்காலை மடிச்சு வயித்துப் பிள்ளை மாதிரி படுக்க வச்சு, கல் ஆயுதம், இறைச்சித் துண்டு, அப்புறம் ஆயிரக்கணக்குல ஆத்து நத்தை ஓடு எல்லாம் கூடவே போட்டுப் புதைச்சிருக்காங்க. இப்பவும் நம்ம பாசார்ல நுனிய ஒடச்சு, கறியில போட்டு, வாயில வச்சு உறிஞ்சித் திங்கிற சிப்புட் சேடுட் இருக்கே, அந்த மாதிரி நத்தைதான். கோலாலம்பூர் முசியும் நெகாரா, அதான் தேசிய அருங்காட்சியகத்துல, கீழ்த்தட்டு காலரியில இவரைப் பத்தி வச்சிருக்காங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க கண்ணாடி மேல மூக்க வச்சு அழுத்திப் பாக்கும், டீச்சருங்க "சீக்கிரம் சீக்கிரம், பஸ் வந்துருச்சு"ன்னு இழுத்துட்டுப் போவாங்க.

இவருக்கு ஊரே சோறு ஊட்டி வளத்துச்சுன்னு சிலர் எழுதுறாங்க. எனக்கு அது கொஞ்சம் ஓவரா படுது. ஒரு கை நல்லா இருந்தா நத்தை பொறுக்கலாம், கல்லுடைக்கலாம், நெருப்ப ஊதலாம். ஆனா அந்த அடக்கத்துல இருக்கிற மரியாதை நிஜம், அத்தனை நத்தைய ஒருத்தரே பொறுக்கிட்டு வந்திருக்க முடியாது.

இன்னொரு ஆளு கிழக்கு கலிமந்தான்ல, போர்னியோவோட இந்தோனேசியப் பக்கம், லியாங் தெபோங்கிற குகையில கிடைச்சாரு. 31,000 வருசத்துக்கு முந்தி. சின்னப் பிள்ளையா இருந்தப்பவே இடது கால் முழங்காலுக்குக் கீழ வெட்டி எடுத்திருக்காங்க. முதலை கடிச்சதோ பாறை விழுந்து நசுங்குனதோ இல்ல, எலும்பு நுனி அவ்ளோ சுத்தமா இருக்கு. அதுக்கப்புறம் ஆறுலேர்ந்து ஒன்பது வருசம் வாழ்ந்து, இருபதை ஒட்டின வயசுல செத்திருக்காரு. 2022-ல இந்தச் செய்தி வர்றதுக்கு முன்னால ஃபிரான்ஸ்ல கிடைச்ச 7,000 வருசத்துக் கை ஒண்ணுதான் உலகத்துலயே பழைய உறுப்பு நீக்குற அறுவை சிகிச்சைன்னு பாடத்துல இருந்துச்சு. இங்க யோசிச்சுப் பாருங்க, ஈரமான காடு, சின்னக் கீறலே ரெண்டு நாள்ல சீழ் புடிக்கிற ஊரு, ரத்தம் நிக்கணும், புண்ணு ஆறணும், அப்புறம் ஒத்தக் காலோட அந்த செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில ஏறி இறங்கணும். ஊங்காவுக்கு நாலு கை இருந்துச்சு, இந்தப் பிள்ளைக்கு யாரோ முதுகு குடுத்தாங்க. இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

ஆனா பாருங்க, இவங்க ரெண்டு பேரும் நம்மளேதான். 31,000 வருசம்ங்கிறது மனுசக் கதையில நேத்து சாயங்காலம், நம்ம ஸெபராங் பிறையில குவார் கெப்பாவுல 2017-ல தோண்டி எடுத்த பினாங்குப் பெண்ணுக்கு வயசு ஐயாயிரத்து எழுநூறு வருசம்ங்கிறாங்க, அது இன்னைக்குக் காலையில. இவங்க எல்லாம் ஏற்கனவே மனுசங்களா ஆனப்புறம் நடந்த கதை. எப்படி ஆனாங்கன்னு கேட்டா இன்னும் ரொம்பப் பின்னால போகணும்.

பின்னால போனா வழக்கமா சொல்ற பதில் எல்லாம் வரிசையா வரும். மூளை பெருசாச்சு, அதனால மனுசன். இல்ல, 1974-ல எத்தியோப்பியாவுல கிடைச்ச எலும்புக்கூடு, லூசின்னு பேரு வச்சாங்களே அவ, 32 லட்சம் வருசத்துக்கு முந்தியே ரெண்டு காலால நடந்தா, மூளையோ சிம்பன்சி அளவுக்குப் பக்கம்தான். தான்சானியாவுல லேத்தோலியில எரிமலைச் சாம்பல்ல பதிஞ்ச காலடி அதுக்கும் மூத்தது, சுமார் 36 லட்சம். அப்ப கல் ஆயுதமா? கென்யாவுல லொமேக்வியில 33 லட்சம் வருசத்துக் கல்லுங்க கிடைச்சிருக்கு, அப்பவும் மூளை சின்னது. வேட்டையா, நெருப்பா, பேச்சா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்சி இருக்கு, ஒவ்வொரு கட்சியிலயும் ஆம்பளைங்க கையில ஏதாச்சும் ஆயுதத்தோட நிப்பாங்க, பொம்பளைங்க பின்னால குகை வாசல்ல பிள்ளையோட உக்காந்திருப்பாங்க, படம் வரைஞ்சவங்களுக்கு அந்தப் பிள்ளைதான் விசயமே இருக்கிற இடம்னு தோணவே இல்ல.

அந்தப் பிள்ளைய ஒருத்தரு கையிலயே தூக்கி வச்சிருந்தாரு. ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், டார்வினோட சேந்து பரிணாமக் கொள்கைய 1858-ல வெளிய கொண்டாந்தவரு. அதுக்கு மூணு வருசம் முந்தி சரவாக்குல சிமுன்ஜான் பக்கம் முகாம் போட்டு ஓராங் ஊத்தான் வேட்டையாடிக்கிட்டு இருந்தாரு, அப்ப அதெல்லாம் பாவம்னு யாரும் நினைக்கல. ஒரு தாய சுட்டாரு, அது விழுந்த சேத்துல மூஞ்சி குப்புற ஒரு குட்டி கிடந்துச்சு. கழுவித் தூக்கிட்டு வரும்போது அது அவரு தாடியப் புடிச்சிக்கிச்சு, விடுவிக்கிறதுக்குள்ள பெரும் பாடாப் போச்சாம். பால் கிடையாது, அந்த வட்டாரத்துல யாரும் பால் புழங்குறது இல்ல, அரிசிக் கஞ்சித் தண்ணிய புட்டில ஊத்தி ஊட்டுறாரு. பெட்டியில பாய் விரிச்சுத் தொட்டில் பண்ணுறாரு. அது எப்பவும் எதையாச்சும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டே இருக்கணும்னு பாத்துட்டு, எருமைத் தோலைச் சுருட்டி முடியோட ஒரு பொய் அம்மா செஞ்சு குடுக்குறாரு, குட்டி அதுல பால் தேடி வாய் நிறைய மயிர் போய் மூச்சு முட்ட, அதையும் பிரிச்சுப் போடுறாரு. துணைக்கு ஒரு நீளவால் குரங்குக் குட்டி, நாம கெரான்னு சொல்றது, வாங்கி விடுறாரு, தண்ணீர்மலைப் பக்கம் பொட்டானிக்கல் கார்டன்ல நம்ம கையிலேர்ந்து பிளாஸ்டிக் பைய புடுங்கிட்டு ஓடுமே அதே கெரா. ரெண்டுக்கும் வயசு பெருசா வித்தியாசம் இருக்காது, ஆனா கெரா தாவுது, பொறுக்குது, குட்டி ஓராங் ஊத்தானோட வயித்து மேலயே ஏறி உக்காருது, இது மட்டும் மனுசக் குழந்தை மாதிரி மல்லாந்து படுத்து, கையக் கால ஆட்டிக்கிட்டு, எடுத்துக்க யாராச்சும் வேணும்னு கத்துது. இத அவரே குறிச்சு வச்சிருக்காரு. மூணு மாசம் ஆகுறதுக்குள்ள காய்ச்சல் வந்து செத்துப்போச்சு.

இவரே 1869-ல, இயற்கைத் தேர்வு எல்லாத்துக்கும் சரி, மனுச மூளைக்கு மட்டும் போதாது, அதுக்கு மேல ஏதோ ஒரு சக்தி இருக்கணும்னு எழுதிட்டாரு. டார்வின் பதறிப் போயி, உங்களுக்கும் எனக்கும் பொறந்த பிள்ளைய நீங்க ஒரேயடியா கொன்னுடலேன்னு நம்புறேன்னு கடுதாசி போட்டாரு. எனக்கு என்ன தோணும்னா, வாலஸ் மூளையில தேடுன விடையில ஒரு பாதி அவரு தாடியத்தான் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. வளர நாளாகுற பிள்ளை, அத விட்டா நகர முடியாத தாய், ஒரு ஆளு போதாத வேலை.

இத கணக்காப் போட்டுப் பாத்தா இன்னும் தெளிவா இருக்கும். ஓராங் ஊத்தான் ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் ஏழெட்டு வருசம் இடைவெளி விடும். சிம்பன்சி அஞ்சாறு வருசம். காரணம் சிம்பிள், பக்கத்துல உதவி இல்ல, முதல் குட்டி தன் சாப்பாட்ட தானே பறிக்கிற வரைக்கும் அம்மா இன்னொண்ணு பெத்துக்க முடியாது. அதுவும் முதல் சில மாசம் குட்டிய இன்னொருத்தர் தொடவே விடாது. மனுசப் பிள்ளையோ அதுங்கள விட மெதுவா வளருது, காட்டுல வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழ்ற கூட்டங்கள்ல கூட ஒரு பிள்ளை தான் திங்கிற அளவுக்குத் தானே கொண்டாந்து சேர்க்க பதினஞ்சு பதினெட்டு வயசு ஆகிடும், அதுவரைக்கும் சுமார் 1.3 கோடி கலோரி யாராச்சும் போடணும்னு கணக்கு சொல்றாங்க. அஞ்சு வயசுப் பிள்ளை சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவு பண்ற சக்தியில மூணுல ரெண்டு பங்க மூளையே முழுங்கிடுது. இவ்ளோ செலவு புடிச்ச பிள்ளைன்னா நியாயமா பத்து வருசத்துக்கு ஒண்ணுதானே பெத்துக்கணும்? ஆனா அதே காட்டுவாசித் தாய்மாருங்க மூணு நாலு வருசத்துக்கு ஒண்ணு பெத்துக்குறாங்க. மூத்தது இன்னும் இடுப்ப விட்டு இறங்கல, அடுத்தது வந்துடுது. குரங்குக் கணக்குப்படி நம்ம ஜாதி எப்பவோ பட்டினி கிடந்து செத்திருக்கணும்.

அப்ப மீதிக் கலோரி எங்கேர்ந்து வருது? அப்பா வேட்டையாடி கொண்டாருவாருன்னுதான் ரொம்ப நாளா பதில் இருந்துச்சு. கிறிஸ்டன் ஹாக்ஸ்ங்கிற மானிடவியல் அறிஞரும் அவங்க கூட்டாளிங்களும் தான்சானியாவுல வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழ்ற ஹட்சா மக்களோட போய் உக்காந்து, யாரு எத்தனை மணி நேரம் வேலை செய்றாங்க, என்ன கொண்டாராங்க, பிள்ளைங்க எடை என்னான்னு நிறுத்துப் பாத்தாங்க. வேட்டை பெரும்பாலான நாள் வெறுங்கைதான், கிடைச்சா ஊருக்கே பங்கு. விடாம தினமும் போறது கிழவிங்க. கல்லு மண்ணுல கம்பால நெம்பி ஆழத்துல இருக்கிற கிழங்கத் தோண்டணும், சின்னப் பிள்ளைக்கு அந்த பலம் கிடையாது. அம்மாவுக்குப் புதுசா கைக்குழந்தை வந்துட்டா, மூத்த பிள்ளையோட எடை ஏறுறதும் இறங்குறதும் அம்மா வேலைய வச்சு இல்ல, பாட்டி எவ்ளோ நேரம் தோண்டுறாங்கங்கிறத வச்சுதான்னு 1997-ல எழுதுனாங்க. பெத்துக்கிற வயசு முடிஞ்சும் இருபது முப்பது வருசம் பொம்பளைங்க தெம்பா இருக்கிறதுக்கே இதுதான் காரணம்ங்கிறது அவங்க வாதம். உகாண்டாவுல ங்கோகோ காட்டு சிம்பன்சிங்கள்லயும் மாதவிலக்கு நின்னு வாழ்ற கிழவிங்க இருக்குன்னு 2023-ல வந்துச்சு, ஆனா அங்க அதுங்க பேரப்பிள்ளைக்குக் கிழங்கு தோண்டிப் போடுறது கிடையாது.

இதப் படிக்கும்போது எனக்கு ஹட்சா ஊரு தெரியல, ஆயாக் கொட்டகைதான் தெரிஞ்சுச்சு.

பட்டணத்துல பொறந்த பிள்ளைங்களுக்காக சொல்றேன். அம்மா வளந்தது கெடாவுல சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. இருட்டோட பெரட்டு, அதான் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புறது, அதுக்கு முன்னால கைக்குழந்தைய தூக்கிட்டுப் போயி ஆயாக் கொட்டகையில விடணும், ஏன்னா பால் மரம் வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டணும், குழந்தை தூங்கி எழுந்திருக்கட்டும்னு மரம் காத்திருக்காது. கொட்டகைன்னா பலகைச் சுவரு, தகரக் கூரை, உத்தரத்துலேர்ந்து வரிசையா தொங்குற பழைய கைலித் தொட்டிலுங்க. ஆயாவா இருந்தவங்க எங்க பாட்டிதான். ஒரு காலத்துல நல்லா மரம் வெட்டுனவங்க, முட்டி வீங்கி மேட்டுக்காடு ஏற முடியாமப் போனப்புறம் கிராணி, அதான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, இந்த வேலையில போட்டாரு, சம்பளம் அரைச் சம்பளத்துக்கும் கொறைவு. அம்மா சொல்லுவாங்க, பாட்டி நடுவுல கால நீட்டி உக்காந்திருப்பாங்களாம், ரெண்டு கால் கட்டை விரல்லயும் கயிறு, ஒவ்வொரு கயிறும் ஒரு தொட்டிலுக்கு, மடியில மூணாவது பிள்ளை, கை ரெண்டும் நாலாவதுக்குக் கஞ்சி ஆத்திக்கிட்டிருக்கும், வாயி அஞ்சாவத திட்டிக்கிட்டிருக்கும். பத்து மணி வாக்குல மார் கட்டிப்போன தாய்மாருங்க ரப்பர் பால் நாத்தத்தோட ஓடியாந்து குடுத்துட்டுத் திரும்ப ஓடுவாங்க. வர முடியாத தாயோட பிள்ளை அழுதா, வந்த தாயில யாராச்சும் ஒருத்தி "இங்க குடு அத"ன்னு வாங்கி இந்தப் பக்கம் போட்டுக்குவாளாம். யாரு பிள்ளை, எந்த ஊரு, என்னா ஜாதின்னு பொழுது சாஞ்சா லயத்துல, அதான் தொழிலாளிங்க வீட்டு வரிசையில, கேக்குற சனங்கதான், அந்த நேரத்துல யாரும் கேக்க மாட்டாங்களாம்.

இத நான் அழகா சொல்றேன்னு நினைக்காதீங்க. அந்தக் கொட்டகை யாரோ கருணைப்பட்டுக் கட்டுனது இல்ல, துரைக்குத் தாயோட கை வேணும், பிள்ளை இடைஞ்சல், அவ்ளோதான். பாட்டிய கேட்டா "நானா இஷ்டப்பட்டா பாத்தேன், வேற என்னா செய்யச் சொல்ற"ன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனா அப்படி ஒரு இக்கட்டுல மாட்டுன சனங்க உடனே அந்த வேலைய செய்யத் தெரிஞ்சு வச்சிருந்தாங்க பாருங்க, அதுதான் என்னை யோசிக்க வைக்குது. ஒரு சிம்பன்சித் தாய்கிட்டேர்ந்து குட்டிய வாங்கி இன்னொரு பத்துக் குட்டியோட ஒரு கிழட்டு சிம்பன்சிகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போக முடியாது. ரத்தக்களரி ஆகிடும்.

இந்தப் பக்கம் அம்மா, பாட்டியோட கணக்கு. அந்தப் பக்கம் பிள்ளையோட கணக்குன்னு ஒண்ணு இருக்கு, அத எடுத்து சொன்னவங்க சாரா ஹர்டி, ராஜஸ்தான்ல அபு மலையில அனுமான் குரங்குங்கள வருசக்கணக்கா பின்னால சுத்தி ஆராய்ச்சி பண்ணவங்க. அவங்க சொல்றது: சிம்பன்சிக் குட்டிக்கு அம்மா நிச்சயம், எந்நேரமும் வயித்துல ஒட்டிக்கிட்டிருக்கு, அவ மனச படிக்க வேண்டிய அவசியம் இல்ல. மனுசப் பிள்ளைக்கு அப்படி இல்ல. கை மாறி கை மாறி போகுது, இப்ப தூக்கி வச்சிருக்கிறது சித்தியா, பக்கத்து வீட்டு அக்காவா, இவங்களுக்கு நம்ம மேல பிரியமா, சலிப்பா, சிரிச்சா இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருப்பாங்களா, கீழ விட்டுருவாங்களான்னு மூஞ்சியப் பாத்துக் கண்டுபுடிக்கணும். கண்டுபுடிச்ச பிள்ளை பொழைச்சுச்சு, அந்தப் பிள்ளைங்களோட பேரன் பேத்திங்கதான் நாம.

வெறும் கற்பனைன்னு தள்ளிட முடியாத மாதிரி ஒரு பரிசோதனை இருக்கு. 2007-ல ஜெர்மனியில லைப்சிக் ஆராய்ச்சிக் குழுவினர் ரெண்டரை வயசுப் பிள்ளைங்க 105, சிம்பன்சிங்க 106, ஓராங் ஊத்தானுங்க 32, எல்லாத்துக்கும் ஒரே பரீட்சை வச்சாங்க. ஒளிச்சு வச்ச சாமான எங்கன்னு கண்டுபுடி, எதுல நிறைய இருக்குன்னு சொல்லு, குச்சிய வச்சு இழு, இந்த மாதிரி கேள்வியில பிள்ளைங்களும் சிம்பன்சிங்களும் ஏறக்குறைய சமம். அடுத்தவங்க செய்றதப் பாத்து செய்றது, விரல் காட்டுற பக்கம் பாக்குறது, என்னா நினைக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கிறது, இதுல மட்டும் பிள்ளைங்க எங்கயோ போயிட்டாங்க. அந்த வயசுல நம்மகிட்ட கூடுதலா இருக்கிறது கணக்குப் போடுற புத்தி இல்ல, ஆளப் படிக்கிற புத்தி. என் மகளுக்கு ஒன்பது மாசம் இருக்கும்போது, யாரு கேட்டா ஃபோன் கிடைக்கும் யாரு கேட்டா கிடைக்காதுன்னு வீட்டுல அஞ்சு பெரியவங்கள தரம் பிரிச்சு வச்சிருந்தா. தாத்தாவ பாத்தா ஒரு சிரிப்பு, என்னைப் பாத்தா அந்தச் சிரிப்பே கிடையாது.

இப்ப நம்ம நிலைமையும் இங்க சொல்லணும். பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ்ல வேலை, வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், பிள்ளைய விடுற தாஸ்கா ஆறரைக்கு மூடிடும், பாலத்துல மழை பெஞ்சா ஏழு மணிக்கும் நகராது, லேட்டானா கால் மணிக்கு இவ்ளோன்னு அபராதம். ரெண்டு பேரு சம்பளத்துல ஒரு பிள்ளைய பூட்டுன வீட்டுக்குள்ள வளக்குறதுங்கிறது இந்த இருபது லட்சம் வருசத்துல யாருமே செஞ்சு பாக்காத வேலை. நம்மளால முடியலையேன்னு ராத்திரி அழற தாய்மாருங்களுக்கு நான் சொல்றது, அது உங்க குறை இல்ல, அந்த வேலை ஒரு ஆளு செய்யறதுக்குன்னு உண்டானதே இல்ல.

சரி, இந்த வாதத்துல ஓட்டை இல்லையான்னா இருக்கு. எங்க பொட்டானிக்கல் கார்டன்லயே மரத்துல லோத்தோங் குரங்கு இருக்கு, கண்ண சுத்தி வெள்ளையா கண்ணாடி போட்ட மாதிரி, அதோட குட்டி பொறக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறம். கொஞ்ச நேரம் நின்னு பாத்தா அந்த ஆரஞ்சு ஒரு மடியிலேர்ந்து இன்னொரு மடிக்குப் போகும், ஒரு இளசு வந்து இழுக்கும், தாய் பாட்டுக்கு இலை தின்னுக்கிட்டு இருக்கும். தென்னமெரிக்காவுல மார்மோசெட்னு அணில் அளவுக்குக் குட்டிக் குரங்கு, அதுங்க ரெட்டைப் பிள்ளை பெத்து, அப்பனும் அண்ணன் அக்காளும் சேந்து தூக்கிச் சுமந்து ஊட்டி வளக்குது. அதுங்க ஏன் ராக்கெட் விடல? கூட்டா பிள்ளை வளத்தா மனுசன் ஆகிடலாம்னா மார்மோசெட்டுதான் முதல்ல ஆகியிருக்கணும். இதுக்கு ஹர்டி தரப்பு பதில், ஏற்கனவே கெட்டிக்காரத்தனம் இருந்த ஒரு வாலில்லாக் குரங்கு கூட்டு வளர்ப்புக்கு வந்துச்சு, அது ரெண்டும் ஒண்ணு சேந்த ஒரே இடம் நம்ம வம்சம்னு. பொருத்தமான பதில்தான், ஆனா சௌகரியமான பதிலும் கூட, ஒரே ஒரு தடவை நடந்த ஒண்ணுக்கு யாரு என்ன காரணம் சொன்னாலும் பொருந்தத்தான் செய்யும்.

எதுனால இது வெறும் கதை இல்லன்னு நான் நினைக்கிறேன்னா, எது முன்னால எது பின்னாலங்கிறத எலும்புல பாக்க முடியும். பழைய பாடம் என்னா சொல்லுச்சு? மூளை பெருசாச்சு, பெரிய மூளை வளர நாளாகும், அதனால குழந்தைப் பருவம் நீண்டுச்சு. அதாவது மூளை முதல்ல. ஜார்ஜியா நாட்டுல த்மானிசின்னு ஒரு இடம், 17.7 லட்சம் வருசத்து மனுச மூதாதைங்க அங்க கிடைச்சிருக்காங்க. மூளை 546-லேர்ந்து 775 கன சென்டிமீட்டர் வரைக்கும்தான், நம்மளது 1,300க்கு மேல. அங்க பதினொரு வயசு தாண்டுனதும் செத்துப்போன ஒரு பிள்ளையோட பல்ல எக்ஸ்ரே கத்தையால உள்ளுக்குள்ள வெட்டாமலே வெட்டிப் பாத்து, வளர்ச்சிக் கோடுகள எண்ணி, 2024-ல நேச்சர் பத்திரிகையில போட்டாங்க. மரத்துக்கு வருச வளையம் மாதிரி பல்லுக்கு நாள் கணக்குல கோடு இருக்கு. முதல் அஞ்சு வருசம் கடைவாப் பல்லுங்க நம்ம பிள்ளைங்களுக்கு மாதிரி மெதுவா வளந்திருக்கு, அதுக்கப்புறம்தான் சிம்பன்சி மாதிரி வேகம் எடுத்திருக்கு. பல்லு லேட்டுன்னா பிள்ளை தானா கடிச்சுத் திங்கிறதும் லேட்டு, அந்த அஞ்சு வருசமும் யாரோ குடுத்துத்தான் தின்னிருக்கு. மூளை இன்னும் சின்னதா இருக்கும்போதே.

அதே த்மானிசியில கிடைச்ச இன்னொரு மண்டையோட்டுல, 2005-ல வெளியிட்டது, சாகுறதுக்குப் பல வருசம் முந்தியே பல்லெல்லாம் விழுந்து, ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், தாடையில குழியெல்லாம் தூர்ந்து போயி எலும்பு வழவழன்னு ஆகிடுச்சு. அந்த ஆளு எத மென்னு தின்னு உசுரோட இருந்தாருன்னு இன்னும் சண்டை போடுறாங்க, பல்லு போன சிம்பன்சியும் காட்டுல கொஞ்ச காலம் தாக்குப்புடிக்கும்னு ஒரு கட்சி, கல்லால நசுக்கிக் குடுத்தாங்கன்னு ஒரு கட்சி. ஊங்கா எலும்பு கதை தெரிஞ்சதால நான் அதுல முதல் கட்சி பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். பிள்ளையோட பல்லு விசயத்துல அப்படி சாய முடியல, ஆனா அது ஒரே ஒரு பிள்ளை. அந்த காலத்துப் பிள்ளைங்க பல்லு இன்னும் நாலஞ்சு கிடைச்சு, அதுலயும் இதே அஞ்சு வருசம் தெரிஞ்சுச்சுன்னா, பாடப் புத்தகத்துல மூளைக்கு முந்தின பக்கத்துல கிழவிய போட வேண்டியதுதான். ஈப்போ மாமாவுக்கு அதுவரைக்கும் இந்தப் பதிவு லிங்க்க அனுப்பி வைக்கிறேன்.